பச்சை வரிகளையும் படித்த அழகர்சாமி

அழகர்சாமி அண்ணனின் பிழைப்பில் செயலிகள் இரண்டு முறை குறுக்கே வந்தன. முதல் முறை வேலை போயிற்று. இரண்டாவது முறை நடந்ததைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் வினுஷா. சிங்கப்பூர்த் தேக்காவில், கைப்பேசி ரிப்பேர் கடை ஒன்றின் மாடியில் இருக்கும் இளையர் ஆலோசனை நிலையத்தில் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். பதின்மூன்று வயதிலிருந்து இருபத்தைந்து வரை யார் வேண்டுமானாலும் மனசு சரியில்லை என்று படியேறி வரலாம். ஏறி வந்ததும் முதலில் பார்ப்பது அழகர்சாமி அண்ணனை. வரவேற்பு மேசை அவருடையது.

அண்ணனுக்கு ஐம்பத்தொரு வயது. வீடு மார்சிலிங்கில். எங்களிடம் வருவதற்கு முன் பதினேழு வருடம் ஒரு டாக்சி நிறுவனத்தின் தொலைபேசி அறையில் இருந்தார். டாக்சி வேண்டுமென்றால் ஃபோன் போட்டுக் கேட்ட காலம் அது. "பத்து நிமிஷம் ஆகும்" என்று இவர் சொன்னதும், எதிர்முனையில் மூச்சு விடுகிற விதத்தை வைத்தே அந்த ஆள் காத்திருப்பாரா, கேன்சல் செய்துவிட்டு பஸ் ஏறுவாரா என்று சொல்லிவிடுவாராம். அந்த அறையில் முப்பது பேர் இருந்தார்கள். செயலியில் டாக்சி கூப்பிட எல்லாரும் பழகியதும் முப்பது பேர் ஆறு பேராகக் குறைந்தார்கள். பிறகு அறையையே மூடிவிட்டார்கள்.

எங்கள் மேசைக்கு அவர் வந்து ஏழு வருடம் ஆகிறது. முதல் தடவை வருகிற பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே முகம்தான்: தப்பான மாடிக்கு வந்துவிட்டோம், திரும்பிப் போய்விடலாம் என்கிற முகம். வேறு யாராவது மேசையில் இருந்தால் பெயர் என்ன, அடையாள அட்டை, அதாவது ஐசி, கொண்டு வந்தீர்களா என்று ஆரம்பிப்பார்கள். அண்ணன் அதெல்லாம் கேட்பதில்லை.

"ஃபோன்ல பேட்டரி எவ்வளவு இருக்கு?" என்பார்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாத பிள்ளையை நான் இதுவரை பார்க்கவில்லை.

"பதினொரு பெர்சன்ட்."

"அந்த மூலையில பிளக் இருக்கு. போட்டுட்டு உட்காருங்க. அவசரமே இல்ல."

ஃபோன் சார்ஜில் இருக்கும்வரை பிள்ளை ஓடிப்போகாது என்பது அவர் கண்டுபிடிப்பு. ஐந்து வருட உளவியல் படிப்பில் எனக்கு யாரும் இதைச் சொல்லித் தரவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, இரண்டு வருடங்களுக்கு முன் எங்கள் இயக்குநர் தனசேகரன் எல்லாரையும் கூட்டி, உருளைக்கிழங்குக் கறி அடைத்த கறிபாப் வாங்கி வைத்து, ஓர் அறிவிப்புச் செய்தார். நிலையத்துக்கு ஒரு செயலி வருகிறது. பெயர் 'துணை'. பிள்ளைகள் தினமும் மனநிலையைக் குறிக்கலாம், அரட்டைபோல எழுதலாம். செயலியே பதில் சொல்லும். ஆபத்து என்று தோன்றினால் எங்களுக்குத் தகவல் கொடுக்கும். சிங்கப்பூரின் நான்கு மொழியிலும் பேசும்.

காரணம் நியாயமானதுதான். எங்களைப் பார்க்க ஏழு வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது. "ஃபோன் பண்ணத் தயங்குறாங்க, படியேறத் தயங்குறாங்க. டைப் பண்ண யாரும் தயங்குறதில்ல," என்றார் தனசேகரன்.

கூட்டம் முடிந்ததும் அண்ணன் என் அறைக்கு வந்தார். கையில் கறிபாப் இல்லை. அதிலேயே விஷயம் பெரிது என்று புரிந்துகொண்டேன்.

"எத்தனை மாசம்னு ஏதாவது சொன்னாங்களா?"

"எதுக்கு அண்ணே?"

"எனக்கு."

அவரை யாரும் அனுப்பவில்லை. மாறாக, கையில் ஒரு டேப்லெட்டைக் கொடுத்தார்கள். செயலியில் எழுதுகிற ஒவ்வொருவருடைய புனைபெயரும், அன்றைக்கு ஒன்று முதல் பத்துக்குள் போட்ட எண்ணும், மேலே எழுதிய ஒரு வரியும் அதில் வரும். உள்ளே நடக்கிற அரட்டையை ஆலோசகர்கள் மட்டுமே படிக்கலாம். வரி பச்சையாக வந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். சிவப்பாக வந்தால் டேப்லெட் அலறும், மூன்று நிமிஷத்துக்குள் பணியில் இருக்கிற ஆலோசகர் அந்தப் பிள்ளையைக் கூப்பிட வேண்டும். ஆலோசகரைப் பிடித்து உட்கார வைப்பது அண்ணன் பொறுப்பு.

"மறுபடியும் டாக்சி ரூம் மாதிரி டிஸ்பேட்ச் வேலை," என்றார். அதற்குப் பிறகு மிச்சமிருந்த கறிபாபைச் சாப்பிட்டார்.

அன்று மாலை செயலியின் தமிழ்ப் பக்கத்தைப் பாலிடெக்னிக்கில் படிக்கும் மகள் வர்ஷாவிடம் காட்டியிருக்கிறார். அது இப்படித் தொடங்கியது: 'வணக்கம். தங்களது தற்போதைய உளநிலையினை ஒன்று முதல் பத்து வரையிலான அளவுகோலில் குறித்திடுக.'

"அப்பா, இது ஓரல் எக்ஸாமா?" என்று கேட்டிருக்கிறாள் வர்ஷா. பிறகு, 'போர் அடிக்குது லா' என்று ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டிப் பார்த்தாள். இந்த ஊர்ப் பிள்ளைகள் ஃபோனில் தமிழ் எழுதுவது அப்படித்தான், கடைசியில் ஒரு 'லா'வும் போட்டு.

'தங்கள் பதில் விளங்கவில்லை. மீண்டும் முயல்க.'

"எங்க தமிழ் டீச்சரேதான்," என்று ஃபோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

முதல் மாதம் தமிழ்ப் பக்கத்தில் நான்கு பேர் இருந்தார்கள். ஒருத்தி வர்ஷா. இன்னொருவர் தனசேகரன்.

செயலியைச் செய்த நிறுவனத்தில் சேக் தாவூது என்று ஒரு பொறியாளர். இருபத்தெட்டு வயதிருக்கும், நல்ல கெட்டிக்காரர். அவர் இரண்டு மாதம் உட்கார்ந்து, ஆங்கில எழுத்தில் எழுதும் தமிழைப் படிக்கச் செயலியைப் பழக்கிவிட்டார். அதைத் திறந்துவிட்ட நாள் ஒரு திங்கட்கிழமை; ஆங்கிலப் பக்கத்தில் இருந்த தமிழ்ப் பிள்ளைகளும் அன்று இந்தப் பக்கம் வந்தார்கள். பள்ளிகளில் ஆண்டிறுதித் தேர்வு நடந்த வாரம்.

காலை ஒன்பது நாற்பதுக்கு டேப்லெட் அலறியது. லாரி பின்னால் வரும்போது கத்துமே, அந்தச் சத்தம். அண்ணன் கையிலிருந்த கோப்பிக் குவளையோடு என் அறைக்கு ஓடி வந்தார். சிவப்பு வரி: 'பேப்பர் டூ என்னைச் சாவடிச்சிருச்சு.'

கூப்பிட்டேன். கணக்குத் தேர்வு எழுதிவிட்டு வெளியே நின்ற ஒரு பையன் எடுத்தான். மிகவும் மரியாதையாக, தான் உயிரோடுதான் இருப்பதாகச் சொன்னான்.

பத்தேகாலுக்கு அடுத்தது: 'அம்மா இன்னைக்கு என்னைக் கொல்லப் போறாங்க.' தண்ணீர் பாட்டிலைத் தொலைத்திருக்கிறாள். இந்த வருடத்தில் மூன்றாவது பாட்டிலாம். பதினொன்றுக்கு, 'தம்பி உயிர வாங்குறான்.' பிற்பகலில், 'கியூ இவ்ளோ நீளம், செத்துருவேன் போல.' அந்தப் பெண்ணைக் கூப்பிட்டபோது, "மிஸ், நான் சும்மா சொன்னேன் லா. இப்ப என் டர்ன் வந்துருச்சு, ஒன் மினிட் ஹோல்ட் பண்றீங்களா?" என்றாள். ஹோல்ட் செய்தேன். ஐஸ் கம்மி, சீனி பாதி என்று பபிள் டீ சொல்வது கேட்டது.

அன்றைக்கு மட்டும் இருபத்து மூன்று அலறல். தமிழன் சாதாரணமாகப் பேசும்போது எத்தனை தடவை சாகிறான் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அந்த இருபத்து மூன்றில் ஒன்று நிஜம். அதைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். ஆனால் அந்த ஒன்றுக்காகத்தான் மணியை நிறுத்த முடியாது என்று எல்லாருக்கும் புரிந்தது.

அண்ணன் ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் வாங்கி, வந்த வாசகங்களையும் விசாரித்ததில் தெரிந்த காரணத்தையும் எழுத ஆரம்பித்தார். வியாழக்கிழமை சேக் தாவூது வந்தபோது அதை அவர் முன்னால் வைத்தார்.

சேக் தாவூது சத்தமாகவே படித்தார். "'செத்தேன்' – தேர்வு, ஒன்பது பேர். பஸ் தவறியது, இரண்டு பேர். 'உயிர வாங்குறாங்க' – அம்மா, தம்பி, அம்மா, அம்மா, புரோஜெக்ட் குரூப். 'தலை வெடிக்குது' – நிஜத் தலைவலி." நிமிர்ந்து பார்த்தார். "அங்கிள், இது நல்ல டேட்டா. எங்க ஆபீஸ்ல இதுக்கு ஒரு டீம் போடுவாங்க."

"இன்னொண்ணு சொல்லவா? கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க அங்கிள்."

"டாக்சி ரூம்ல இருக்கும்போது, 'சீக்கிரம், சீக்கிரம், அவசரம்'னு கத்துறவங்க இருக்காங்களே, டாக்சி போய் நின்னா அவங்க இன்னும் குளிச்சிட்டு இருப்பாங்க. 'மெதுவா வரட்டும், பரவால்ல'ன்னு சொல்றவங்கள்ல பாதிப் பேர் ஆஸ்பத்திரிக்குப் போறவங்க. உங்க மெஷின் கத்துறவங்களை மட்டும் பார்க்குது."

சேக் தாவூது தலையாட்டினார். எழுதியும் கொண்டார். ஆனால் அதை எப்படி ஒரு இயந்திரத்துக்குச் சொல்வது என்று தெரியவில்லை என்பதை ஒப்புக்கொண்டார். முதலில் கேள்விகளின் தமிழைத் திருத்துவோம் என்று முடிவாயிற்று.

அடுத்த ஒரு மாதம் மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க அதற்கே போனது. 'தங்களது உளநிலையினை' என்பது 'இன்னைக்கு எப்படி இருக்கீங்க?' ஆயிற்று. செயலி பிள்ளைகளை 'நீ' என்று அழைக்கலாமா, 'நீங்க' என்பதா என்று இரண்டு நாள் சண்டை. 'நீ' என்றால்தான் நண்பன் மாதிரி இருக்கும் என்றார் சேக் தாவூது. "முன்னப்பின்ன தெரியாத மெஷின் எம்பொண்ணை வா போன்னு கூப்பிடுமா?" என்றார் அண்ணன். நான் நடுவராக இருந்தேன். என் வீட்டில் பேசுவது யாழ்ப்பாணத் தமிழ். அங்கே குழந்தையையும் 'நீங்கள்' என்போம். 'நீங்க' ஜெயித்தது.

திருத்தியதை யாராவது உண்மையாகப் பயன்படுத்திப் பார்க்க வேண்டும். அண்ணனே உட்கார்ந்தார். பழைய வேலை போனதைப் பற்றி, சும்மா ஒரு உதாரணத்துக்கு, எழுதினாராம். செயலி கேட்டது: 'கஷ்டமா இருந்திருக்கும். இதை யார்கிட்டயாவது சொன்னீங்களா?'

அந்தக் கேள்வியை எழுதியதே அவர்தான். ஆனாலும் பதில் தட்ட வரவில்லை.

அறையை மூடிய பிறகு இரண்டு மாதம், ஒவ்வொரு நாள் காலையும் வழக்கம்போலப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பி, உட்லண்ட்ஸ் நூலகத்தில் ஐந்து மணி வரை உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார். வீட்டில் கேட்டால் வேலை பரவாயில்லை என்பார். இந்த வேலை கிடைத்ததும், இடம் மாறிக்கொண்டேன் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். ஐந்து வருடம் அந்த ரகசியம் அப்படியே இருந்தது.

அன்று மாலை வீட்டுக்குப் போய் மனைவி தேன்மொழியிடம் சொல்லியிருக்கிறார்.

"தெரியுமே," என்றாராம் அவர், வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல். "நீங்க எடுத்த புத்தகமெல்லாம் என் லைப்ரரி கார்டுல. திருப்பிக் கொடுக்கச் சொல்லி மெசேஜ் எனக்குத்தானே வந்துச்சு."

"அப்ப ஏன் கேட்கல?"

"நீங்கதான் பரவால்ல, பரவால்லன்னு சொல்லிட்டே இருந்தீங்களே. சொல்ற அன்னைக்குச் சொல்லட்டும்னு விட்டுட்டேன்." கத்தியைக் கீழே வைத்தாராம். "விட்டிருக்கக் கூடாதுதான்."

மறுநாள் இதை என்னிடம் சொன்னபோது சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அன்றிலிருந்து டேப்லெட்டில் பச்சை வரிகளையும் படிக்கத் தொடங்கினார். யாரும் அவரைப் படிக்கச் சொல்லவில்லை.

பச்சையில் 'பென்குயின்' என்று ஒரு புனைபெயர். தினமும் பிற்பகல் நான்கு பத்துக்கு வரும். ஐந்து என்று எண் போடும். 'ஓகே லா, பரவால்ல' என்று ஒரு வரி. பத்தொன்பது நாள் எழுத்து மாறாமல் அதே வரி. "இந்தப் பிள்ளைக்கு வேற வார்த்தையே கிடைக்கல பாருங்க," என்று ஒரு தடவை என்னிடம் சொன்னார். நான் ஏதோ அறிக்கை எழுதிக்கொண்டிருந்தேன். ம் என்றேன்.

இருபதாம் நாள் ஐந்துக்குப் பதில் பத்து வந்தது. 'எல்லாம் பரவால்ல. இனிமே யாருக்கும் தொந்தரவு இல்ல. தேங்க்ஸ் ஆப்.' பத்து என்றால் மிக்க மகிழ்ச்சி. செயலி பச்சை காட்டியது. இரண்டு கைகள் தட்டும் படமும் போட்டு, 'அருமை, இப்படியே இருங்க' என்றது.

அண்ணன் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார். அவர் வேலைக்கு வந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை.

"வினுஷா, இந்தப் பிள்ளை கேன்சல் பண்ணுது."

அவர் முகத்தைப் பார்த்தேன். வரியைப் படித்தேன். பச்சை வந்தால் நாங்களாகத் தொடர்புகொள்ளக் கூடாது என்பது விதி. தனசேகரன் ஏதோ கூட்டத்தில் இருந்தார். பதிவு செய்யும்போது, ஆலோசகர் தொடர்புகொள்ளலாம் என்ற கட்டத்தில் அந்தப் பெண் டிக் போட்டிருந்தாள். அது போதும் என்று நானே முடிவு செய்தேன்.

'நான் வினுஷா. இங்கே வேலை செய்யும் ஆலோசகர். உங்களோட கொஞ்சம் பேசலாமா?' என்று அனுப்பினேன்.

ஆறு நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு: 'நீயும் சாட்பாட்தானா?'

'இல்ல. ஆள்தான்.'

'சாட்பாட்டும் அப்படித்தான் சொல்லும். ப்ரூஃப் காட்டு.'

என் உயிருக்கு நான் அத்தாட்சி காட்ட வேண்டியிருந்தது அன்றுதான். என்ன எழுதினாலும் ஒரு இயந்திரம் எழுதக்கூடியதாகவே எனக்குத் தோன்றியது. அண்ணன் தன் மேசைக்கு ஓடி, பாதி கடித்த கறிபாபை எடுத்து வந்து, என் கீபோர்டுக்கு மேல் பிடித்துக்கொண்டார். "போட்டோ எடுங்க." எடுத்து அனுப்பினேன். கறிபாப், உதிர்ந்த துகள், மஞ்சள் படிந்த ஒரு கட்டைவிரல்.

மூன்று புள்ளிகள் தோன்றின, மறைந்தன, மறுபடி தோன்றின.

'யாரோட விரல் அது? நகம் வெட்டச் சொல்லுங்க.'

இப்போது கூப்பிடலாமா என்று கேட்டேன். சரி என்றாள்.

அவள் என்னிடம் என்ன சொன்னாள் என்பது அவளுக்கும் எனக்கும். வயது பதினெட்டு, பிடோக் வட்டாரத்தில், அடுக்குமாடி வீட்டுப் புளோக்கின் கீழ்த்தளத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள், உயிரோடு இருக்க வேண்டாம் என்று முடிவெடுத்திருந்தாள். நான் பேச்சை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் நம்புகிற ஒருவர், பக்கத்துப் புளோக்கில் இருக்கும் சின்னம்மா பூவம்மா. அவர் எண்ணையும் தான் உட்கார்ந்திருக்கும் இடத்தையும் சொன்னாள். நான் தாளில் எழுதி நீட்டினேன். அண்ணன் வெளியே போய்க் கூப்பிட்டார். அவர் குரல் எனக்குக் கேட்டது. பதினேழு வருடக் குரல். பதற்றமே இல்லை.

"புளோக் நம்பர் சொல்றேன். லிஃப்ட் 'பி' பக்கம், மினிமார்ட் பின்னால கல் மேசை. ஓட வேணாம், வேகமா நடங்க. ஃபோனைக் கட் பண்ணாதீங்க, நான் லைன்லயே இருக்கேன். இப்ப என்ன தெரியுது உங்களுக்கு?"

ஒன்பதாவது நிமிஷம் பூவம்மா, தலையில் துண்டு சுற்றியபடியே, அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அன்று மாலையே இருவரும் மருத்துவமனைக்குப் போனார்கள்.

மூன்று வாரம் கழித்து எங்கள் படியேறி வந்தாள். மேசைக்கு முன்னால் நின்று, "அங்கிள், விரலைக் காட்டுங்க," என்றாள். அண்ணன் காட்டினார். நகம் வெட்டியிருந்தது. உள்ளே வந்தாள்.

இதை எழுத அவள் அனுமதி கொடுத்திருக்கிறாள், ஒரு நிபந்தனையோடு. பெயரை மாற்ற வேண்டும், அதை அவளே தேர்ந்தெடுப்பாள். ஆகவே அவள் பெயர் கவிப்ரியா. எழுதியதைப் படித்துவிட்டு, தன்னைக் கொஞ்சம் அதிகம் நல்லவளாகக் காட்டிவிட்டேன் என்றாள்.

அந்தப் பச்சை வரியைச் சேக் தாவூது திரும்பத் திரும்பப் படித்தார். "எனக்குத் தோணியிருக்கணும் அங்கிள்," என்றார் கடைசியில். "நீங்க முன்னாடியே சொன்னீங்க."

"நீங்க டாக்சி ரூம்ல வேலை பார்க்கலையே," என்றார் அண்ணன். "வாங்க, சாப்பிடப் போவோம்."

செயலியில் இப்போது மஞ்சள் என்று மூன்றாவது நிறம் உண்டு. ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தாலும், எண் திடீரென்று குதித்தாலும் மஞ்சள் ஆகும். டேப்லெட்டில் ஒரு பொத்தானும் வைத்திருக்கிறார்கள். அண்ணனுக்குச் சந்தேகம் வந்தால், நிறம் எதுவாக இருந்தாலும், அழுத்தலாம். நாங்கள் ஒரு வரி விசாரித்து எழுதுவோம். காத்திருக்கும் காலம் ஏழு வாரத்திலிருந்து மூன்றாகக் குறைந்திருக்கிறது. படியேறவே மாட்டாத எத்தனையோ பிள்ளைகள் எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டே முதல் வரியை எழுதுகிறார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

அண்ணன் பதவிக்கு ஒரு நீளமான பெயர் கொடுத்திருக்கிறார்கள்: மின்னிலக்கச் சேவை ஒருங்கிணைப்பாளர். வர்ஷா அதைக் கேட்டு, "அப்பா, மூச்சு விட்டுட்டுச் சொல்லுங்க," என்றாளாம். போன ஜூலையில் நகரத்தில் நடந்த ஒரு கருத்தரங்கில் அவரைப் பேசக் கூப்பிட்டார்கள். தேன்மொழி புதுச் சட்டை வாங்கிக் கொடுத்தார். ஆங்கிலத்தில் நான்கு நிமிஷம் பேசினார். யாரோ எழுந்து, பொத்தானை எந்த அடிப்படையில் அழுத்துகிறீர்கள், ஏதாவது அளவுகோல் உண்டா என்று கேட்டார்கள். அண்ணன் நேர்மையாக, பத்தில் ஆறு தப்பாகத்தான் போகிறது என்றார். அரங்கம் சிரித்தது. "ஆறு பிள்ளைங்க நல்லா இருக்காங்கன்னு அர்த்தம்," என்று தமிழில் சொல்லிவிட்டு, ஆங்கிலத்தில் என்னைச் சொல்லச் சொன்னார்.

போன வாரமும் ஒரு தப்பு. தினமும் 'நன்றி, போய்ட்டு வர்றேன்' என்று எழுதும் ஒரு மாணவி. அண்ணன் பொத்தானை அழுத்தினார், நான் விசாரித்தேன். அவள் சும்மா மரியாதை தெரிந்த பிள்ளை, அவ்வளவுதான். ஆனாலும் மறுநாள் நேரிலேயே வந்தாள், யார் இப்படியெல்லாம் கவனிப்பது என்று பார்க்க. கூடவே கல்லூரித் தோழி ஒருத்தியையும் அழைத்து வந்திருந்தாள். பேச வேண்டியது தோழிக்குத்தான். அண்ணன் நாட்காட்டியைப் பார்த்து, வியாழக்கிழமை மூன்று மணிக்கு அவளுக்கு நேரம் போட்டுக் கொடுத்தார்.